மாதம் தவறாத ஜெயக்கொடி

ஊருக்குக் கிழக்கே, கண்மாய்க் கரையில் முட்டுவீடு இருந்தது. மாதவிலக்காகி வீட்டுக்குத் தூரமான பெண்கள் ஐந்து நாளும் அங்கேதான் இருக்க வேண்டும். அதுதான் சாமிக்குப் பிடிக்கும் என்று ஆண்கள் சொன்னார்கள். போகிற வழியில் சாவடி. அங்கே உட்கார்ந்து ஜெர்மன்காரன் சண்டையைத் தீர்த்து வைத்துக்கொண்டிருந்த பெரிய மனிதர்களுக்கு, எவள் எந்த மாதம் போனாள், எவள் போகவில்லை என்பதும் மனப்பாடம்.

ஜெயக்கொடிக்கு முப்பத்தெட்டு வயது. கலியாணமாகி இருபது வருஷத்தில் தங்கியது பேச்சி ஒருத்திதான். ஒன்றரை வயது, இன்னும் பால் மறக்கவில்லை. புருஷன் நல்லகாமனுக்கு ஆண்பிள்ளை வேண்டும். பின்னே, அரைக் குறுக்கம் கேப்பைக் காட்டையும் ஒரு கிழட்டு மாட்டையும் கட்டி ஆள வாரிசு வேண்டாமா? அவள் முட்டுவீட்டுக்குப் போகிற காலம்வரை பொறுப்பதாகவும், அது நின்றுபோனால் அடுத்த முகூர்த்தத்திலேயே அலங்காநல்லூரில் ஒருத்தியைக் கட்டுவதாகவும் பெரிய மனசு பண்ணிச் சொல்லியிருந்தான். ஜெயக்கொடிக்கும் இன்னொரு பிள்ளைமேல் கொள்ளை ஆசை. அது அவனுடைய மாட்டுக்காக இல்லை. பச்சைப்பிள்ளை வாசம் இன்னொரு தடவை வேண்டும் அவளுக்கு.

பேச்சி பிறந்து ஒரு வருஷம் அவள் தூரமாகவில்லை. பால் கொடுக்கிறவளுக்கு அப்படித்தான் என்றார்கள். பிறகு இரண்டு மாதம் ஒழுங்காக வந்தது. ஐப்பசியில் மறுபடி நின்றது. மார்கழி பிறந்ததும் நல்லகாமன் சோழவந்தான் வெற்றிலை வாங்கிவந்து சாவடி முழுக்கக் கொடுத்தான். சுமக்கிறவனே அவன்தான் என்பதுபோல நடையும் மாறிவிட்டது. ஊரே குளிரில் சுருண்டு கிடக்க, ஜெயக்கொடிக்குக் கழுத்தில் வேர்வை ஊற்றியது. பிள்ளைச் சூடு என்று நம்பி வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

தை கடைசியில் சேலை நனைந்தது. சாவடியைத் தாண்டி நடந்தபோது வெற்றிலை தின்ற வாய்கள் அவசரமாக ஜெர்மன்காரன் சண்டைக்குத் திரும்பின. முட்டுவீட்டில் படுத்திருக்கையில் அம்மாவின் ஞாபகம் வந்தது. கடைசித் தம்பி மடியில் பால் குடிக்க, அம்மா மார்கழியில் முந்தானையால் விசிறிக்கொள்வாள். அதற்குப்பின் அம்மாவுக்குப் பிள்ளையே இல்லை. தனக்கும் நிற்கப்போகிறது என்று புரிந்ததும், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மாசியில் வரவில்லை. ஆனாலும் பாயைச் சுருட்டி, பேச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு முட்டுவீட்டுக்குக் கிளம்பினாள். பங்குனியிலும் சித்திரையிலும் அதேதான். நல்லகாமனுக்குப் பரம சந்தோஷம். தன் பெண்டாட்டி மாதம் தவறாதவள் என்று சாவடியில் பெருமை வேறு பேசினான்.

வைகாசியில் மாமியார் சீனியம்மாள் கஞ்சி கொண்டுவந்தாள். கலயத்தை எட்டவே வைத்துவிட்டு, துணி காயப்போட்டிருந்த கொடியைப் பார்த்தாள்.

"துணிய நனைச்சுக் காயப்போடு. காஞ்ச துணிய எம்புட்டு நேரம் காயப்போடுவ?"

ஜெயக்கொடி எழுந்து துணியை மறைத்து நின்றாள். சீனியம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் ரெண்டு வருசம் இங்கன சும்மா வந்து ஒக்காந்தவதேன். ஒங்க மாமனுக்குச் சாகுறவரைக்கும் தெரியாது."

ஜெயக்கொடி, "அப்ப இனிமே எனக்குப் பிள்ள இல்லையா அத்த?" என்று கேட்டாள்.

"இல்ல தாயி."

ஜெயக்கொடி பேச்சியை மாரோடு அணைத்துக்கொண்டு விம்மினாள். சீனியம்மாள் கொடியிலிருந்த துணியைத் தானே எடுத்தாள், கண்மாய்த் தண்ணீரில் முக்கிப் பிழிந்து விரித்துப் போட்டாள். தீட்டுத்துணியைத் தொட்டவள் தலைமுழுகாமல் ஊருக்குள் நுழையக்கூடாது. சீனியம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனாள்.