சொல்லிட்டுச் செய்யுங்க

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பையைக் கட்டி முடித்த பிறகும் நான் தயாராகவில்லை என்று எனக்குத் தெரிந்தது. துவைத்த பருத்தித் துணிகள், துண்டு, குழந்தைக்கு ஒரு சின்னத் தொப்பி, எல்லாம் உள்ளே இருந்தன. என் வாயிலிருந்து வர வேண்டிய ஒரே ஒரு வாக்கியம்தான் இன்னும் வரவில்லை.

மூத்தவள் பிறந்தபோது யாரும் என்னைத் திட்டவில்லை. பனிக்குடத்தை உடைத்தார்கள், உடைத்த பிறகு "ஆச்சும்மா" என்றார்கள். ஏதோ ஊசி போட்டார்கள். எனக்கு ஒரு முகம் இருப்பதே மறந்துபோனதுபோல என் வயிற்றுக்கு மேலே அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நான் "சரி சிஸ்டர்" என்றேன், நடந்து முடிந்த காரியத்துக்கு அனுமதி கொடுப்பதுபோல. வலி மறந்துவிட்டது. அந்தச் "சரி" மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. யாரிடம் சொன்னாலும், "குழந்தை நல்லபடியா பொறந்துச்சே, அப்புறம் என்ன?" என்பார்கள். அவள் நல்லபடியாகத்தான் பிறந்தாள்.

கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. வாடிக்கையாளர் மூக்கில் ஃபிரேமை வைப்பதற்கு முன்னால்கூட "போடப் போறேன் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுவேன். அந்த மூக்குக்குக் கிடைப்பது இந்த முறை எனக்கும் கிடைத்தாக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

அதே ஆஸ்பத்திரிதான். பக்கத்தில் வேறு இல்லை. பிரசவ அறைக்குள் ஒரு பெண்ணைத் துணைக்கு விடுவார்கள். என் கணவரின் அக்காவை, என் அண்ணியை, கூப்பிட்டேன். பஸ் கண்டக்டர். வீட்டில் அவருக்கு 'விசில்' என்று பெயர்.

"மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்தா வராது. நடிச்சுப் பாப்போம்," என்றார் அண்ணி. அவர்தான் நர்ஸ். என் கணவர் சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு டாக்டர் ஆனார். மூத்தவள் பிறக்கப்போகும் குழந்தையாகக் கட்டிலுக்கு அடியில் பதுங்கினாள்.

அண்ணி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு என் தோளைத் தள்ளினார். "ஏம்மா, எத்தனை தடவை சொல்றது? உள்ள தள்ளிப் படு! உள்ள தள்ளு!"

"அக்கா, இது பஸ் இல்ல."

"டாக்டர் கொஞ்சம் வாயை மூடுங்க. இந்தாம்மா, கையைக் காட்டு, ஊசி."

"சரி சிஸ்டர்," என்றேன்.

அண்ணி துண்டை அவிழ்த்து வீசினார். "டிக்கெட் எடுக்காம வர்றவன்கூட உன்னைவிட எதிர்த்துப் பேசுறான்டி!"

"நான் பொறந்துட்டேன்!" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து மகள் உருண்டு வந்தாள்.

"இன்னும் ஊசியே போடல. உள்ள போடி," என்றார் அவள் அப்பா.

வேலை முடிந்து வந்து சாயங்காலங்களில் இதையே செய்தோம். அண்ணி கத்தக் கத்த எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் வார்த்தையும் வந்தது. "சொல்லிட்டுச் செய்யுங்க. எதுக்குன்னும் சொல்லுங்க." ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். அண்ணி கைதட்டினார்.

வலி ஒரு மத்தியானம் வந்தது. நாங்கள் எதிர்பார்க்காதது ஒன்றே ஒன்று: நர்ஸ் நல்ல பெண். வயது குறைவு. கலைந்த முடியை என் நெற்றியிலிருந்து ஒதுக்கிவிட்டாள். "பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல?" என்றாள். எனக்குக் கோபம் எங்கிருந்து வரும்? சேர்த்து வைத்திருந்ததெல்லாம் கரைந்துபோனது.

கொஞ்ச நேரம் கழித்து, தலைக்கு மேலே தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலை நோக்கி அவள் கை போயிற்று. கையில் மருந்து ஏற்றிய ஊசி.

"ஒண்ணுமில்லம்மா. சின்ன மருந்துதான்."

"சரி சி..."

நாக்கு பாதி வழி போய்விட்டது. அன்பாகச் சொன்னாலும் கத்திச் சொன்னாலும் என் நாக்குக்குத் தெரிந்த பாதை அது ஒன்றுதான் என்று அந்த நொடியில் புரிந்தது. பற்களை இறுக்கிக்கொண்டேன்.

"நில்லுங்க. அது என்ன மருந்து?"

"வலி நல்லா வர்றதுக்கும்மா. எல்லாருக்கும் போடுறதுதான்."

"எனக்கு எதுக்குன்னு சொல்லிட்டுச் செய்யுங்க."

கத்தவில்லை. கெஞ்சவும் இல்லை. அண்ணி மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தார். அவர் கையை அழுத்தினேன். இதை நான்தான் பேச வேண்டும்.

நர்ஸ் முகம் சிவந்து, போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். "குழந்தைக்கு இப்போ ஏதாவது ஆபத்தா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இல்ல. துடிப்பு நல்லா இருக்கு. ஆனா கர்ப்பப்பை வாய் மெதுவாத்தான் திறக்குது. இழுத்துக்கிட்டே போனா நீங்க களைச்சிடுவீங்க."

"அப்போ கொஞ்சம் நடந்து பாக்கறேன்."

அவர் என்னை, வயிற்றை விட்டுவிட்டு என்னை, பார்த்தார். "நடங்க. நடுவுல வந்து துடிப்பு பாப்போம்."

தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்தபடி நடந்தேன். "என்னை ஏன்டி பேசவிடல? நாலு வார்த்தை தயாரா வெச்சிருந்தேன்," என்று அண்ணி குறைபட்டார்.

"பஸ்ல யாருக்காவது உதவும், வெச்சுக்குங்க அண்ணி."

நடந்தேன், குனிந்தேன், அண்ணியின் தோளில் தொங்கினேன். திரும்பப் படுத்தபோது பெரிய மாற்றம் இல்லை என்றார் டாக்டரம்மா. எனக்குள் ஒரு குரல் உடனே எழுந்தது: பார்த்தாயா, முதலிலேயே தலையாட்டியிருக்கலாமே. அந்தக் குரலை நன்றாக உற்றுக் கேட்டேன். அதில் இருந்தது பயம் மட்டும்தான். நான் மருந்தை எதிர்க்கவில்லை. கேட்காமல் ஏறுவதைத்தான் எதிர்த்தேன்.

"போட்டா வலி எப்படி வரும்?"

"இதைவிடப் பலமா வரும். நெருக்கமா வரும். ரொம்ப அதிகமாச்சுன்னா குறைச்சிடலாம்."

நடந்ததிலேயே களைத்திருந்தேன். மிச்சம் இருந்த பலத்தைத் தள்ளுவதற்கு வைத்துக்கொள்ள வேண்டும். "போடுங்க," என்றேன்.

சொன்னது போலவே வந்தது, சொன்னதைவிடவும் மோசமாக. அலறினேன். அண்ணியின் மணிக்கட்டில் நகம் பதித்தேன். "கையைக் கொஞ்சம் விடுடி, நாளைக்கு விசில் ஊத முடியாது," என்று அவரும் அலறினார். "விசிலை வாயாலதானே ஊதுவீங்க!" என்று கத்தினேன். நர்ஸ் சிரித்துவிட்டாள். "இப்போ தலை எங்கே இருக்குன்னு தொட்டுப் பாக்கறேன்மா," என்றாள். "இன்னொரு தடவை முக்குங்க."

முக்கினேன். உடம்பு முழுவதும் ஒரே வேலையாக இருந்தது. பிறகு வழுக்கிக்கொண்டு ஒரு சூடு, ஒரு கனம், ஒரு அழுகை.

"பையன்மா." அவனை என் மார்பில் கவிழ்த்தாள். கத்தரியை எடுத்துக்கொண்டு என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "கொடியை வெட்டலாமா?"

"கொஞ்சம் இருங்க," என்றேன். "இவனை ஒரு தடவை பாத்துக்கறேன்."

அவள் கத்தரியோடு காத்திருந்தாள்.