தவறாமல் ஒரு பக்கம்

பதினோரு வருடம், நாலாயிரம் நாள், ஒரு நாள் விடாமல் தினம் ஒரு பக்கம் எழுதியவன் நான். நிலம் நடுங்கிய காலையில் மேசை அறையைச் சுற்றி ஓடியது. நாற்காலியோடு துரத்திப் போய் எழுதினேன். வாழ்நாளில் ஒரே தரம் என் கையெழுத்து அழகாக வந்தது அன்றைக்குத்தான்.

இதை ஊரே ஒப்புக்கொண்டுவிட்டது. தங்கை மட்டும் உதட்டைப் பிதுக்குவாள்.

"நீ சொல்றதுல பாதியைக் கழிச்சாலும் மிச்சமும் புளுகுதாண்ணே."

தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் மோட்டார் பார்த்தவன் நான். மணிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதும்போது போன் அடித்தால் எடுக்கக் கூடாது. எடுத்தால் எண் மாறும். எண் மாறினால் ஒரு தெருவே குளிக்காமல் வேலைக்குப் போகும். ஓய்வு பெற்றதும் அந்தச் சட்டத்தை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தேன். காலை ஐந்திலிருந்து ஆறு வரை எழுத்து. யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

போன வாரம் தங்கை வந்திருந்தாள். நோட்டுகளை அடுக்கிவைத்து அளந்துகொண்டிருந்தேன்.

"பெரியண்ணன் போன அன்னிக்குமா எழுதின?" என்றாள்.

அண்ணன் இறந்து மூன்று வருடம். ஆஸ்பத்திரியில், விடிகாலையில். என் குரலைக் கேட்க வேண்டும் என்றாராம். அவள் போன் போட்டபடியே இருந்திருக்கிறாள். நடக்கப் போயிருந்தேன், போன் வீட்டில் இருந்தது என்று சொல்லிவைத்திருந்தேன். அதை நம்பித்தான் இன்றுவரை என்னோடு பேசுகிறாள்.

"நீதான் வாக்கிங் போயிட்டியே. எப்படி எழுதியிருப்ப? ஒரு நாள் விட்டுப்போச்சுன்னு ஒத்துக்கோயேன். யாரு உன்னைத் தூக்குல போடப் போறாங்க?"

ஒரு நாளை விட்டுக்கொடுத்தால் போதும், தங்கை எனக்கு மிஞ்சுவாள். வாயைத் திறந்தால் புளுகுகிறவனுக்கு அந்த ஒரு புளுகு மட்டும் வரவில்லை. அந்த நாளின் பக்கத்தைப் பிரித்து நோட்டை அவள் மடியில் வைத்தேன்.

ஐந்தேகாலுக்குப் போன் அடித்தது. ஐந்தரைக்கு மறுபடி. ஐந்து நாற்பதுக்கு மறுபடி. எடுக்கவில்லை. எல்லாம் எழுதியிருந்தேன். மீதிப் பக்கம் முழுக்க ஜன்னலில் வந்து உட்கார்ந்த ஒரு புறா. அண்ணன் என்னைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அதன் கழுத்து நிறத்துக்கு நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தங்கை இரண்டு தரம் வாசித்தாள். நோட்டை மூடி, மேசைமேல் மெல்ல வைத்தாள்.

"நெசந்தான்," என்றாள். "அன்னிக்கும் எழுதியிருக்க."