டாப் மாடலும் என் இடது காலும்

'அம்மா' என்ற வார்த்தைக்கு எதிரே 'கால்படி' என்று எழுதியிருந்தது. என் மகளின் கையெழுத்து. ஷோரூம் மேசைமேல் தாளை விரித்து வைத்து அவள் விற்பனைப் பெண்ணுக்கு ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். உயரமான வண்டியில் ஏறுவதற்கு வசதியாகக் கதவுக்குக் கீழே நீளமாக ஒரு படி வைப்பார்களே, அதுதான். எனக்காம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், எனக்கு என்ன வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்து எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு படிக்கா இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுச் சட்டம் தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் கூடத்துக்கு வர்ணம் அடிக்கப்போய், நாலு பேரும் நாலு நிறம் சொல்லி, இரண்டு நாள் அடுப்பு எரியாத அளவுக்குச் சண்டை. கடைசியில் என் கணவர், ஆளுக்கு ஒரு சுவர் என்று தீர்ப்புச் சொன்னார். புதிதாக யாராவது வீட்டுக்கு வந்தால் இன்றைக்கும் வாசலில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் உள்ளே காலெடுத்து வைப்பார்கள். ஆனால் சண்டை ஓய்ந்தது. அன்றிலிருந்து வீட்டுக்குப் பொதுவாக எதை வாங்கினாலும் ஆளுக்கு ஒன்று கேட்கலாம். ஏன் என்று காரணம் சொல்ல வேண்டாம். ஒருவர் கேட்டதை இன்னொருவர் அடிக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ், கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் அப்படித்தான் வந்தன.

இப்போது கார். அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்த பழைய சின்னக் காரைக் கொடுத்துவிட்டு, ஏழு பேர் உட்காரக்கூடிய ஒரு எஸ்யூவி. மகள் கேட்டது சன்ரூஃப். அவளுடைய இரட்டைப் பிள்ளைகள் கூரையைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டுமாம். சன்ரூஃப் டாப் மாடலில்தான் வரும் என்பதால், பேஸ் மாடலும் நடு மாடலும் பேச்சுக்கே வராமல் டாப் மாடல் முடிவாகியிருந்தது. என் கணவர் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவர். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் முன்சீட்டில் உட்கார்ந்தால் வீடு வந்து சேரும்வரை தரையை மிதித்துக்கொண்டே வருவார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் பிரேக். பிரேக் கேட்டது, இருக்கிற கைப்பிடி போதாதென்று முன்சீட்டுக்கு இன்னொரு கைப்பிடி. மகன் கேட்டது, வண்டியைச் சுற்றி நாலு பக்கமும் காட்டும் கேமரா. பின்னால் யாராவது நின்றால் கூவுகிற கருவியும் அதோடு சேர்த்தி.

மகன் அதை ஏன் கேட்டான் என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும். நான் இருபத்திரண்டு வருடம் ஒரு பேக்கரியின் டெலிவரி வேன் ஓட்டினவள். ஊர் எழுந்திருக்கும் முன் நாற்பது கடைக்கு ரொட்டி போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு நாள்கூட ஒரு தட்டு நசுங்கியதில்லை. சும்மா பீற்றிக்கொள்ளவில்லை, முதலாளியே சொல்வார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில் மகன் எனக்கு உதவி செய்ய வந்தான். நான் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். சாத்திவிட்டு நகர்ந்துவிட்டேன் என்று நினைத்து அவன் வேனைப் பின்னால் எடுத்துவிட்டான். சரக்கு மேடைக்கும் வேனுக்கும் நடுவில் மாட்டியது என் வலது கால். நொறுங்கின எலும்பை ஒன்றாகச் சேர்த்துத் தகடு வைத்து இறுக்கினார்கள். நடக்கிறேன், கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து. ஆனால் கணுக்கால் மடங்காது. கணுக்கால் மடங்காமல் ஆக்சிலரேட்டரை அளந்து மிதிக்க முடியாது.

வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்றிலிருந்து மகன்தான் எனக்கு டிரைவர். வாரம் முழுக்க மருந்துக்கடையில் நின்றுவிட்டு, இருக்கிற ஒரு லீவு நாளிலும் எழுந்ததுமே, எங்கம்மா போகணும் என்பான். தையல்காரியிடம் போனாலும் அவன், காய் வாங்கப் போனாலும் அவன். சிநேகிதியைப் பார்க்கப் போனால் அவள் வீட்டு வாசலில் வண்டிக்குள் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பான். அவன் காத்திருக்கிறானே என்று பாதிப் பேச்சில் எழுந்து வந்துவிடுவேன். வாயார ஒரு வம்பு பேசி இரண்டு வருடம் ஆகிறது. காலை நீட்டிக்கொள்ள வசதி என்று என்னைப் பின்சீட்டில்தான் உட்கார வைப்பார்கள். பெல்ட்டைக்கூட அவன்தான் மாட்டிவிடுவான், ஏதோ நான் கண்ணாடிச் சாமான் மாதிரி.

தாளை என் பக்கம் இழுத்தேன். மகளின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, கால்படியின் மேல் இரண்டு கோடு போட்டேன். கீழே எழுதினேன்: இடது கால் ஆக்சிலரேட்டர்.

மகள் எட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன புதுசா என்றாள். விற்பனைப் பெண்ணுக்கு உடனே புரிந்துவிட்டது. கெட்டிக்காரி. பிரேக்குக்கு இடது பக்கத்தில் இன்னொரு ஆக்சிலரேட்டர் வைப்பார்கள், வலது பக்கத்தில் இருப்பதில் கால் படாதபடி மூடிவிடுவார்கள், மற்றவர்கள் ஓட்டும்போது அதை மடக்கிவிட்டுப் பழையபடி ஓட்டலாம் என்று அவளே விளக்கிச் சொன்னாள். கம்பெனி கொடுக்கும் துணைப்பொருள் பட்டியலில் அது இல்லையாம். ஆனால் கம்பெனி ஒத்துக்கொண்ட ஒரு பட்டறையில் பொருத்தித் தருவார்களாம். ஒரே ஒரு விஷயம் என்று இழுத்தாள். கிளட்ச் இருந்தால் அதைப் பொருத்த முடியாது, ஆட்டோமேட்டிக்காக இருக்க வேண்டும். இந்த வண்டியில் டாப் மாடல் கியர் வண்டியாக மட்டும்தான் வருகிறது. ஆட்டோமேட்டிக் நடு மாடலில்தான்.

அதாவது என் ஒரு வரியால் சன்ரூஃப் காலி. நடுவரிசையில் தனித்தனியாக வரும் சொகுசுச் சீட்டு காலி, டிவி அகலத்துக்கு இருக்கும் திரையும் காலி. மகளின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பிள்ளைகளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், இப்போது போய் இல்லையென்று எப்படிச் சொல்வது என்று ஆரம்பித்தாள். வாரத்துக்கு ஒரு தடவை எங்காவது போவதற்காக இவ்வளவையும் விட வேண்டுமா என்றாள். வாரத்துக்கு ஒரு தடவைதான் போகிறேன் என்று அவளுக்கு யார் சொன்னது? கொண்டுபோய் விடுகிறவனுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவு, அதனால் எனக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் உலகம். அதை அப்படியே சொன்னேன்.

விற்பனைப் பெண் சண்டையை ஆற்றுவதற்காகவோ என்னவோ, தன் படிவத்தில் அடுத்த கேள்விக்குப் போனாள். வண்டியை முக்கியமாக ஓட்டப்போவது யார்? மகளும் கணவரும் ஒரே மூச்சில் மகனைக் கை காட்டினார்கள். நான் கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அதில் புதிதாக அச்சடித்த வரி இருந்தது. ஆட்டோமேட்டிக் வண்டி, இடது கால் ஆக்சிலரேட்டருடன் ஓட்டலாம். மூன்று மாதமாகச் செவ்வாயும் வியாழனும் காலுக்குப் பயிற்சி என்று சொல்லி, மகன் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து பஸ் ஏறிப் போனேனே, அது காலுக்குத்தான், ஆனால் இடது காலுக்கு. அப்படி மாற்றி அமைத்த கார் வைத்திருக்கும் ஒரு டிரைவிங் ஸ்கூலைத் தேடிப் பிடித்து, டாக்டரிடம் கடிதம் வாங்கி, பரீட்சையும் எழுதி, ஓட்டியும் காட்டியாயிற்று. முதல் வாரம் இடது கால் பழக்கதோஷத்தில் கிளட்ச் என்று நினைத்து ஓங்கி மிதித்து வண்டி குதிரையாகப் பாய்ந்தது. வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். நாலாவது வாரம் அதே வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். வீட்டில் பொய் சொன்னேன். வருத்தமே இல்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள்.

கணவர் லைசென்ஸைக் கையில் எடுத்துக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு இரண்டு தடவை படித்தார். மகன் அதைத் தொடவில்லை. அவன் முகம் சுண்டிப்போயிருந்தது.

"உனக்கு எங்க போகணும்னு சொல்லும்மா," என்றான். "எந்த நேரமானாலும் நான் கூட்டிட்டுப் போறேன். ஆயுசுக்கும் கூட்டிட்டுப் போறேன். மறுபடியும் நீ டிரைவர் சீட்ல உக்கார வேண்டாம்."

அப்போதுதான் மகள் அந்தக் குண்டைப் போட்டாள். சன்ரூஃப் போன ஆத்திரத்தில் வாய் தவறி வந்ததா, தம்பிக்காக மனசு பொறுக்காமல் வந்ததா தெரியாது. "உனக்காக அவன் என்னென்ன விட்டிருக்கான்னு தெரியுமாம்மா? ஆஸ்பத்திரி மருந்தகத்துல பெரிய வேலை. வெளியூர். உன்னைத் தனியா விட்டுட்டு வர முடியாதுன்னு இழுத்தடிச்சுக்கிட்டு இருக்கான்."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மகனைப் பார்த்தேன், அவன் அக்காவை எரித்துவிடுவதுபோல் பார்த்தான். நான் துருவித் துருவிக் கேட்டதில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வேலை கிடைத்தே விட்டதாம். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். வேண்டாம் என்று கடிதம் எழுதி வைத்துவிட்டானாம், இன்னும் அனுப்பவில்லையாம்.

அழுகை வரும் என்றுதான் நினைத்தேன், கோபம்தான் வந்தது. அந்த ஷோரூமில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கட்டும், எனக்கென்ன.

"நீ செஞ்சது ஒரு நிமிஷத் தப்புடா," என்றேன். "அதை நான் ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்ச அன்னிக்கே விட்டுட்டேன். ஆனா அதுக்காக ரெண்டு வருஷமா என்னைப் பின்சீட்ல உக்கார வெச்சிருக்கியே, அதைத்தான் என்னால மன்னிக்க முடியலை. தண்டனை உனக்குன்னு நீ நெனச்சுக்கிட்டு இருக்க. அனுபவிக்கிறது நான்."

இந்த இரண்டு வருடத்தில் அந்தக் காலை வேளையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் பாசம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நானும்தான். இப்போது ஊரார் முன்னால், பளபளவென்று துடைத்து வைத்த புதுக் கார்களுக்கு நடுவில், அது வெளியே வந்து விழுந்தது. விற்பனைப் பெண் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று நாசூக்காக எழுந்து போய்விட்டாள்.

"நான் பின்னாடி பார்க்காம எடுத்துட்டேம்மா," என்றான் மகன். முதல் தடவையாகச் சொல்கிறான்.

"ஆமா, பார்க்கலை. நானும் தள்ளி நின்னிருக்கணும், நிக்கலை. போச்சு, முடிஞ்சுது."

சண்டையென்றால் என் கணவர் பாத்திரம் விளக்குவது மாதிரி ஏதாவது ஒரு வேலையைத் தேடிக்கொள்வார். அங்கே ஒன்றும் கிடைக்காமல் வண்டிகளின் விளம்பரத் தாளை எட்டாக மடித்துக்கொண்டிருந்தார். அதை மேசைமேல் வைத்தார். சட்டம் போட்டது நான் என்றார். அடுத்தவர் கேட்டதை அடிக்கக் கூடாது, அடுத்தவருக்காகக் கேட்கவும் கூடாது, தப்பு நம்முடையது என்றார். பிறகு மகளைப் பார்த்து, "அவ கேட்டுட்டா. அவ்வளவுதான்," என்றார்.

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். உடனே உருகிப்போய் என்னைக் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. அப்படியானால் தான் கேட்டதற்கு என்ன பதில், அதுவும் சட்டம்தானே என்று வக்கீல் மாதிரி மடக்கினாள். நியாயம்தான். சன்ரூஃபுக்குப் பதில் வேறு எது வேண்டுமானாலும் கேள், இரண்டாகவே கேள் என்றேன். யோசித்து, இரட்டையருக்கு ஆளுக்கு ஒரு குழந்தைச் சீட்டும், ஜன்னலுக்கு வெயில் திரையும் என்றாள். இரண்டையும் எழுதிவிட்டு, எழுதும்போதே, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவாயா என்று தாளைப் பார்த்தபடி கேட்டாள். ஒழுங்காகக் கேட்டால் விடுவேன் என்றேன்.

மகன் பேனாவை எடுத்துத் தன் கேமராவை அடிக்கப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன். அது இருக்கட்டும், எனக்குத் திரும்பிப் பார்த்தால் கழுத்து வலிக்கிறது என்றேன். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் உறிஞ்சியது. நல்லவேளை, சரியாக அப்போதுதான் விற்பனைப் பெண் தண்ணீரோடு வந்தாள். நடு மாடல், ஆட்டோமேட்டிக், பொருத்துவதற்கும் சேர்த்து ஆறு வாரம் ஆகும் என்றாள். ஓட்டுகிறவர் என்ற இடத்தில் என் பெயரை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மற்றவர்கள் வண்டியின் நிறத்தைப் பார்க்கப் போனார்கள். நிறத்துக்கு இன்னொரு சண்டை நிச்சயம். மகன் மட்டும் என் பக்கத்திலேயே நின்றான்.

"அந்தக் கடுதாசியைக் கிழிச்சுப் போடு," என்றேன். "வேலைக்கு வரேன்னு நாளைக்கே எழுது."

"நான் போயிட்டா என்னைப் பார்க்க உன்னை யாரும்மா அங்க கூட்டிட்டு வருவாங்க?"

"யாரும் கூட்டிட்டு வர வேண்டாம். அட்ரஸ் மட்டும் அனுப்பு."