மேல்பெட்டிக் கதவு

மாமியாரின் அறைக்கதவு மறுபடியும் இறுகிக்கொண்டது. ஏற்கெனவே இருமுறை தச்சர் வந்து அதன் மேல்விளிம்பை இழைத்துவிட்டுப் போயிருந்தார். மழையில் மரம் உப்புகிறது என்று கணவன் விளக்கினான், மருமகளும் நம்பினாள். இன்றோ வெயில் மண்டையைப் பிளந்தது.

கப்பலில் சரக்கேற்றிக் கழித்துவிட்ட இரும்புப் பெட்டிகளால் ஆன வீடு அது. கீழே இரண்டு ஒட்டி நின்றன; அவற்றின்மேல் குறுக்கே ஒன்று, காற்றோட்டமாக இருக்கட்டுமென்று மாமியாருக்கு. பந்து விளையாடும் அளவுக்குக் கூடம் வேண்டுமென்று கணவன் அடம்பிடித்ததால், கீழ்ப்பெட்டிகளுக்கு இடையே நின்ற தகட்டுச் சுவர்களை வெல்டர் வெட்டியெடுத்துவிட்டார். அவற்றுக்கு ஈடாக ஒரு தூணையேனும் நிறுத்தவேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கும் எழவில்லை. இரும்பாயிற்றே, யானை ஏறினாலும் அசையாது என்று கணவன் மார்தட்டினான்.

"என்னடி, மாமியாரை உள்ள வெச்சுப் பூட்டிட்டியா?" என்று உள்ளிருந்து கேட்டது மாமியாரின் குரல்.

"பூட்டுறதா இருந்தா இவ்வளவு நாள் காத்திருப்பேனா அத்தை?" என்றபடி, நெம்புவதற்கு உளி தேடி மருமகள் கீழிறங்கினாள்.

கூடத்தின் நடுவே, கூரையிலிருந்து தொங்கிய திரைச்சீலை தரையில் மடிந்து கிடந்தது. மாட்டிய அன்று தரைக்கு நான்கு விரல் மேலே நின்ற சீலை. வளையங்கள் கழன்றனவா என்று பார்த்தாள். எல்லாம் கம்பியிலேயே இருந்தன. துவைத்ததில் நீண்டிருக்கும் என்றான் கணவன்.

"இதை நான் இன்னும் துவைக்கவே இல்லைங்க."

அவன் அண்ணாந்து பார்த்தான். கூரை நடுவில் தொந்திபோல் இறங்கியிருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அண்டை வீட்டு ஏணியைச் சாய்த்து, சன்னல் வழியாக அம்மாவை இறக்கினான். அவனே இருமுறை படி தவறினான். அழைத்ததும் வந்த வெல்டர் வாசலைத் தாண்ட மறுத்துவிட்டார். மேல்பெட்டியின் பாரத்தைத் தாங்கியிருக்க வேண்டியவை அந்தத் தகடுகள்தாம் என்று, வெட்டியவரே தெருவில் நின்று சொன்னார்.

வீட்டை மாமியார் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, இருவரும் இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்டாள். புழுக்கத்துக்காகக் கூடத்தின் நடுவில்தான் என்றாள் மருமகள்.

"அப்போ நான் தெனமும் உங்க தலைக்கு மேலதான் புரண்டு படுத்திருக்கேன்."

மருமகள் தெருவென்றும் பாராமல் மாமியாரின் இரு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டாள்.