லாரி ஏறிய வீட்டில் நான்

எங்கள் ஊரில் முன்கதவை யாரும் பயன்படுத்துவதில்லை. அதன் வழியே பாதிரியார் வருவார், போலீஸ் வரும், பிணம் போகும். மற்றபடி எல்லாருக்கும் பின்கதவுதான். இதைச் சொல்லிவிட்டால், அறுபது தாண்டிய வயதில் நான் செய்த மடத்தனம் உங்களுக்குப் பாதி புரிந்துவிடும்.

என் மனைவி நோலீனின் கொள்ளுத்தாத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் கரி வெட்டியவர். அவருக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த பலகை வீடுதான் எங்களுடையது. நாலு அறை, நடுவே ஒரு நடை, மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்த மரப்பலகைச் சுவர், மேலே தகரம். வீட்டுக்கு முன்னால் ஓடும் ஆறு வருடா வருடம் கரையைத் தின்றுகொண்டே வாசல்வரை வந்துவிட்டது. அதனால் வீட்டை அப்படியே தூக்கி, அக்கரையில் மேட்டு நிலத்தில் வைக்க ராவிரியை அமர்த்தினோம். வீடு நகர்த்துவது அவன் தொழில்.

நகர்த்தும் நாள் காலையில் வீடு லாரிமேல் உட்கார்ந்திருந்தது. செங்கல் புகைபோக்கியையும் பின்பக்கச் சமையலறையையும் முந்தின நாளே பிரித்து எடுத்தாயிற்று.

"அண்ணே, பாலத்துல ஏறிட்டா நான் நிறுத்த மாட்டேன்" என்றான் ராவிரி. "நடுவுல நிறுத்தினா குலுங்கும், குலுங்கினா சாயும். பின்னால வர்றவங்க ஹாரன் அடிச்சா மட்டும் நிறுத்துவேன். அதனால உசிரு போற விசயம்னா மட்டும் அடிங்க. அப்புறம், வீட்டுக்குள்ள கப்பு சாஸர் இருக்கலாம், மனுசன் இருக்கக் கூடாது."

"நான் எதுல சேத்தி?" என்றேன்.

"நீ சாஸர்தான்யா" என்றாள் நோலீன். "விளிம்பு உடைஞ்சது."

அப்போதுதான் முன்கதவு காற்றில் டமாரென்று அடித்தது. கொள்ளுத்தாத்தா காலத்துக் கதவு. தாழ்ப்பாள் உள்பக்கம்தான். ஏணி வைத்து ஏறினேன், உள்ளே போனேன், தாழ்ப்பாள் போட்டேன், முப்பது வருடப் பழக்கத்தில் நடை வழியாகப் பின்கதவுக்குப் போனேன்.

பின்கதவு இல்லை. அது சமையலறையோடு போய்விட்டது. அந்த இடத்தில் ப்ளைவுட் அடித்திருந்தது. அடித்தவன் நான்.

வீடு நகர்ந்தது. நான் ராவிரியோடு இருப்பதாக நோலீனும், நோலீனோடு இருப்பதாக ராவிரியும் நினைத்துக்கொண்டார்கள். ஓடிவந்து தாழ்ப்பாளை இழுத்தேன். தாழ் வந்தது, கதவு வரவில்லை. லாரி திரும்பியதில் வீட்டின் சட்டம் முறுக்கிக்கொண்டு கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. சன்னல் மேலே தூக்கித் திறக்கும் வகை. தூக்கினேன். அசையவில்லை. போன கோடையில் அதற்குப் பெயிண்ட் அடித்து ஒட்டவைத்த புண்ணியவானும் நானே. செல்போன் நோலீன் ஓட்டிவரும் வண்டியில், என் சாண்ட்விச்சுக்குப் பக்கத்தில்.

கண்ணாடியை உடைக்கலாம் என்று யோசித்து முடிப்பதற்குள் சன்னலுக்குக் கீழே தரை முடிந்து ஆறு தொடங்கிவிட்டது. குறுகிய பாலம். வீட்டின் இரு ஓரமும் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தன. நான் நின்ற மூலைக்கு அடியில் மழைத் தண்ணீர் காப்பி நிறத்தில் சுழித்தது. ஆணிகள் ஒவ்வொன்றாகக் கீச்சிட்டன. மேல்கூரைப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி திறந்தது. நூறு வருடக் கரித்தூள் என் வழுக்கையில் கொட்டியது. இந்தக் கதவு வழியாகப் பிணம்தான் போகும் என்பது எனக்கு அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வரவேண்டுமா?

பின்னால் வந்த வண்டியிலிருந்து நோலீன் நிமிர்ந்து பார்த்தாள். சன்னலில் என் முகம். அவள் வாய் பிளந்தது. கை ஹாரனுக்குப் போனது.

அடித்தால் ராவிரி நிறுத்துவான். நிறுத்தினால் குலுங்கும்.

கத்தினால் கேட்காது. கையை ஆட்டினால் இன்னும் பயந்துவிடுவாள். எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன், கோமாளித்தனம். சன்னலோரம் ஒயிலாகச் சாய்ந்து, இல்லாத கப்பை இல்லாத சாஸரிலிருந்து எடுத்து, சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு, ஊதி ஊதி டீ குடித்தேன். தொடைகள் தனியாக ஆடிக்கொண்டிருந்தன. நல்லவேளை, அவை சன்னலுக்குக் கீழே இருந்தன.

அவள் கை ஹாரன்மேல் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. அடுத்து அந்தக் கையாலேயே முஷ்டி காட்டினாள். அப்பாடா.

பாலம் முடியும்வரை ஏழெட்டு கப் குடித்திருப்பேன். இடைவெளிகள் திறந்தன, மூடின, திறந்தன. செங்கல் வீடாக இருந்தால் எப்போதோ பிளந்திருக்கும். இது வயசாளி மூட்டு மாதிரி முனகி முனகி வளைந்துகொடுத்தது.

அக்கரையில் லாரி நேராக நின்றதும், முறுக்கு விட்டு, கதவு தானாகவே திறந்தது. முன்கதவு வழியாக, உயிரோடு, வாசற்கட்டைவரை வந்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ராவிரியின் முகத்தில் ரத்தமே இல்லை. நோலீன் லாரியிலிருந்த இன்னொரு ஏணியை வைத்து ஏறிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யோவ், கொஞ்சங்கூடப் பயமே இல்லையா உனக்கு?"

"இதுல என்ன பயம்?" என்றேன். குரல் பூனைக்குட்டி மாதிரி வந்தது.

அவள் என் வலது கையைப் பார்த்தாள். விரல்கள் இன்னும் அந்த இல்லாத கப்பைப் பிடித்தபடியே விறைத்திருந்தன, பிரிக்க முடியவில்லை. அவள் பிரிக்கவும் முயலவில்லை. பிளாஸ்கைத் திறந்து, மூடியில் டீ ஊற்றி, அந்த விரல்களுக்கு நடுவே செருகினாள். வாய்க்குப் போவதற்குள் பாதி என் சட்டையில்.

"சாஸர் கொண்டாரவா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டாள். அவளும்தான் நடுங்கிக்கொண்டிருந்தாள்.