பயண ஜெபம்

கொழுந்தன் மகள் ஞானதீபத்துக்குக் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்த நாளிலிருந்து ஏசுவடியாளுக்குச் சோறு இறங்கவில்லை. சொந்த மகன் யோவான் சங்கரன்கோவிலிலேயே ப்ளஸ் டூ சேர்ந்திருக்க, இவள் மட்டும் ப்ளஸ் டூவுக்குப் பதிலாக, பல தேசத்துப் பிள்ளைகளும் படிக்கிற ஏதோ டிப்ளமோவுக்குப் போகிறாளாம். ஆறு பாடம், புதிதாக பிரெஞ்சு, போதாததற்குச் சொந்தமாக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வேறு.

“எதுக்குட்டி இந்தக் கஷ்டம்? யோவான் மாதிரி இங்கனயே படிக்கலாம்லா?”

“கஷ்டமா இருக்குன்னுதான் அதை எடுத்தேன், பெரியம்மா.”

ஏசுவடியாளின் வயிறு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

புறப்படும் காலையில் வீடே முழங்காலிட்டது. யார் வெளியூர் போனாலும் குடும்பத்தில் மூத்தவர் ஜெபித்துத்தான் அனுப்புவார். மூத்தவள் ஏசுவடியாள்தான். மாட்டேன் என்றால் மனசு வெளியே தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“அன்பின் பரலோகப் பிதாவே, இந்தப் பிள்ளைக்கு நல்ல ஞானத்தைத் தாரும்.”

அதுவரை சரியாகத்தான் போனது. அப்புறம் நாக்கு அடங்கவில்லை.

“பிரெஞ்சு வாயில நுழையாட்டா அவ மனசு ஒடிஞ்சிராமப் பாத்துக்கிடும். அந்தக் குளிரு ஒத்துக்கிடலன்னா, ஆண்டவரே, ஒரு மாசத்துக்குள்ள இங்கனயே கூட்டியாந்துரும்.”

பழக்கதோஷத்தில் எல்லாரும் “ஆமென்” என்றார்கள். சொன்ன பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஞானதீபம் எழுந்து வந்து, பெரியம்மாவின் காதோரம் குனிந்தாள்.

“ஸ்வெட்டர் ரெண்டு எடுத்து வச்சிட்டேன், பெரியம்மா.”