கடைசி வீட்டுக்கு வந்த குத்து

டயர்க்காரருக்கு அந்தக் கட்டடத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தர வேண்டிய பாக்கி தொள்ளாயிரத்து முப்பத்தைந்து. ஒரே ஒரு குத்துச்சண்டை பார்த்ததற்கான காசு அது. அந்தச் சண்டை ஒரு நிமிடம்கூட நடக்கவில்லை என்பதுதான் தகராறே.

அப்போதெல்லாம் பெரிய சண்டை எதுவானாலும் அதற்கென்று தனியாகப் பணம் கட்டித்தான் வீட்டில் பார்க்க முடியும். ஒரு சண்டைக்கு ஒரு தொகை. லாரி டயரைக் கழற்றி மாட்டுகிற ஓர் ஆள் வாரம் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தால்தான் அந்தத் தொகை தேறும். அதனால் டயர்க்காரர் தன் கார்டில் முழுப் பணத்தையும் கட்டிவிடுவார். மற்றவர்கள் நாற்காலியோடு அவர் வீட்டுக்கு வந்து, பார்த்து முடித்ததும் பங்கைக் கொடுப்பார்கள். பார்த்த பிறகு கொடுத்தால் போதும் என்பது அவராக வைத்த சட்டம். முன்னாடியே கையை நீட்டினால் டிக்கெட் கிழிக்கிறவன் மாதிரி ஆகிவிடும் என்று அவருக்கு ஒரு கௌரவம். "முதல்ல கண்ணாரப் பாருங்க, காசு எங்க போகுது" என்பார்.

சண்டை தூர தேசத்தில் ராத்திரி நடக்கும். இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை பளிச்சென்று விடிந்திருக்கும். டயர்க்காரர் நகக்கண்ணில் ஒட்டிய கறுப்பைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "வாங்க, வாங்க, சுவரோரம் போடுங்க" என்று ஒவ்வொரு நாற்காலிக்கும் இடம் காட்டுவார். வாரத்தில் ஆறு நாள் அவர் முதுகை மட்டுமே பார்க்கிற உலகம், அன்று ஒரு நாள் அவர் முகத்தைப் பார்க்கும். அவருக்கு அது போதும்.

அன்றைக்கு வந்தவர்களும் அப்படித்தான் சிரித்துக்கொண்டே வந்தார்கள். மேல்மாடியிலிருந்து அவர் மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். எதிர்வீட்டிலிருந்து தையல் வேலை செய்யும் ரெஃப்ரி அம்மா. யாராவது கீழே விழுந்தால் திரையில் இருக்கும் நடுவரைவிடச் சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணுவதால் வந்த பெயர் அது. கீழ்வீட்டு டாக்சிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தார். மணி அடித்தது. முதல் குத்திலேயே ஒருவன் சரிந்தான். ரெஃப்ரி அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எண்ணக்கூட அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

டாக்சிக்காரர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். "ஆரம்பிச்சாச்சா?"

"முடிஞ்சாச்சு" என்றான் மெக்கானிக்.

அங்கே தொடங்கியது வினை. டயர்க்காரர் பங்கைக் கேட்டபோது, "நான் செருப்பே கழட்டலையேண்ணே, எனக்கும் முழுப் பங்கா?" என்றார் டாக்சிக்காரர். "நான் பார்த்தது என் கண்ணாடிக் கூட்டைத்தான்" என்றார் ரெஃப்ரி அம்மா. மெக்கானிக் மட்டும் பார்த்திருந்தான். ஆனால் அவனுக்கு வேறு ஒரு நியாயம் இருந்தது. "மாமா, அரை வாய் சாப்பாட்டுக்கு யாராவது முழுச் சாப்பாட்டுக் காசு குடுப்பாங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். டயர்க்காரர் சிரிக்கவில்லை. "அடிச்சவன் சீக்கிரம் அடிச்சா அதுக்கு நானா பொறுப்பு? எனக்கு மட்டும் பாதிக் காசு திருப்பித் தந்தானா?" என்று கேட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஒவ்வொருவராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதற்குப் பிறகு படிக்கட்டில் அவரைக் கண்டால் ஆளாளுக்குச் சாவியைத் தேடுவது போலப் பைக்குள் கையை விட்டுக்கொண்டார்கள்.

இந்த நேரம் பார்த்துச் சண்டை நடத்துகிற கம்பெனிக்காரர்கள் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். இனிமேல் சண்டைக்குச் சண்டை பணம் கட்ட வேண்டாம். மாதாமாதம் ஒரு சின்னத் தொகை கட்டினால் பெரிய சண்டை, சின்னச் சண்டை, பழைய சண்டை எல்லாம் அவரவர் வீட்டில் வந்து கொட்டும். அந்த மாதத் தொகை பழைய பங்கைவிடக் குறைவு. கட்டடமே கட்டிவிட்டது.

டயர்க்காரர் கட்டவில்லை. "சண்டைன்னா காத்திருந்து பார்க்கணும்டி. தண்ணிக் குழாய் மாதிரி திறந்தா கொட்டுறதுக்கு அதுக்கென்ன மரியாதை?" என்று மனைவியிடம் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் விரிப்புத் துவைக்கிற வேலை அவளுக்கு. வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தவள், "மரியாதை சண்டைக்கா, உங்களுக்கா?" என்று கேட்டாள். ஆள் வராத வீட்டில் எதைப் பார்த்து என்ன என்றுதான் அவருக்கு இருந்தது.

அடுத்த பெரிய சண்டை கொக்குக்கும் பீப்பாய்க்கும். இரண்டும் டயர்க்காரர் வைத்த பெயர்கள். ஒருவன் நெடுநெடுவென்று இருப்பான், இன்னொருவனுக்குக் கழுத்தே கிடையாது. கொக்கு அவருடைய ஆள். அந்த ஞாயிறு காலை மனைவி கைப்பேசியைத் தட்டித் தொலைக்காட்சியில் சண்டையை வரவழைத்தாள். "நானே மாசக் காசு கட்டிட்டேன். வேணாம்னா நிறுத்திக்கலாமாம். சும்மா உக்காருங்க." டயர்க்காரர் சும்மா உட்காரவில்லை. நகத்தைத் தேய்த்தார். துவைத்த சட்டையைப் போட்டார். பழக்க தோஷத்தில் கட்டிலைச் சுவரோரம் தள்ளி நடுவில் இடம் விட்டார். பிறகு அந்த வெற்றுத் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கட்டிலைப் பழையபடி இழுத்துப் போட்டார்.

மணி அடித்தது. மேல்மாடியில் மெக்கானிக், "அய்யோ!" என்று அலறினான். திரையில் ஒன்றும் நடக்கவில்லை; கொக்கும் பீப்பாயும் ஒருவரை ஒருவர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சற்றுப் பொறுத்து எதிர்வீட்டில் ரெஃப்ரி அம்மா, "ஆத்தாடி!" என்றார். பிறகு கீழ்வீட்டில் மேசையைத் தட்டும் சத்தம். அதற்கும் பிறகுதான் பீப்பாயின் குத்து கொக்கின் விலாவில் விழுந்ததை டயர்க்காரர் பார்த்தார். ஒரே சண்டை, ஒரே கம்பெனி. ஆனால் வீட்டுக்கு வீடு முன்னே பின்னே வந்துகொண்டிருந்தது. அவர் வீடுதான் கடைசி.

"நம்ம வீட்டுக்குக் குத்து படியேறி நடந்து வருது போல" என்றாள் மனைவி. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மூன்றாவது சுற்றில் மேலேயிருந்து, "எழுந்திருடா!" என்று ஓலம் வந்தது. எதிர்வீட்டில் எண்ணிக்கை தொடங்கிவிட்டது: ஒண்ணு, ரெண்டு. டயர்க்காரரின் திரையில் கொக்கு இன்னும் குதித்துக்கொண்டிருந்தான். பாவம், தான் விழுந்துவிட்டது அவனுக்கே தெரியாது. "கையைத் தூக்குடா, வலதுபக்கம் வருதுடா!" என்று டயர்க்காரர் கட்டிலிலிருந்து எழுந்து கத்தினார். அவன் கேட்கவில்லை. வலதுபக்கமே வந்தது.

அவர் கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்குப் பாய்ந்தார். அங்கே ஏற்கெனவே டாக்சிக்காரர் நின்று மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "யோவ் மெக்கானிக்கு! உன் வாய்க்கு ஒரு பூட்டு போடுய்யா. நான் சண்டை பார்க்கலை, உன் சத்தத்தைத்தான் பார்க்கிறேன்!" ரெஃப்ரி அம்மாவும் வாசலுக்கு வந்திருந்தார். "ஆமா தம்பி, நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது யார் விழுறான்னு."

மெக்கானிக் கைப்பிடிச் சுவர்மேல் எட்டிப் பார்த்தான். "கத்தாம எப்படிப் பார்க்கிறது? நீங்க மட்டும் எண்ணலாமா?"

"எண்ணுறதெல்லாம் என் வீட்டுக்கு வந்து சேருது" என்றார் டயர்க்காரர்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் அவர் அவர்களிடம் பேசிய முதல் வார்த்தை அது. யாரும் பைக்குள் சாவி தேடவில்லை.

மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்: "நம்ம வீட்டுக்குத்தான் கடைசியா வருது. எல்லாரும் இங்கேயே வந்து பார்த்தா யார் யாரை முந்த முடியும்?"

டாக்சிக்காரர் தலையைச் சொறிந்தார். "வரலாம் அண்ணி. ஆனா எந்த மூஞ்சியோட வர்றது? பழைய பாக்கி அப்படியே நிக்குதே. முதல்ல வேணும்னு குடுக்கலை. அப்புறம் குடுக்கலாம்னு பார்த்தா, கொண்டுபோய்க் குடுக்கவே வெக்கமாப் போச்சு."

"எனக்கும் அதேதான்" என்றார் ரெஃப்ரி அம்மா. "மாசக் காசு கட்டினதே உங்க வாசலை மிதிக்கப் பயந்துதான்."

டயர்க்காரர் மலைத்து நின்றார். மலிவான சந்தா தன் வீட்டு ஆட்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று இத்தனை நாள் அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். ஆட்களை வாசலிலேயே நிறுத்தி வைத்தது தன்னுடைய தொள்ளாயிரத்து முப்பத்தைந்துதான் என்பது அவருக்கு அந்தப் படிக்கட்டில்தான் உறைத்தது.

"நாற்காலி எங்க?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சுற்று முடிவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. மேல்மாடியிலிருந்தும் கீழ்மாடியிலிருந்தும் நாற்காலிகள் தலைகீழாகப் படியில் வந்தன. மெக்கானிக் கடைசியாக உள்ளே வந்து, "இது நான் பார்த்துட்டேன் மாமா, இப்ப கொக்கு..." என்று தொடங்க, அவன் அக்கா அவன் வாயில் ரொட்டித் துண்டைத் திணித்தாள். "அரை நிமிஷம் எங்களோட பின்னால வாயேன்டா, தேய்ஞ்சா போயிடுவே?" கட்டில் சுவரோரம் போயிற்று. டயர்க்காரர் வாசலில் நின்று இடம் காட்டினார். இடமில்லாமல் போனபோது அவரே நின்றுகொண்டார்.

கொக்கு எழுந்துவிட்டான். எழுந்தது மட்டுமா, ஒன்பது, பத்து என்று சுற்றுகளை இழுத்துக்கொண்டே போனான். பீப்பாய்க்கு மூச்சு வாங்கியது. கடைசிச் சுற்றுக்கு முந்திய இடைவெளியில் ரெஃப்ரி அம்மா எழுந்து நின்று கைப்பையைத் திறந்தார். "இந்தாங்க, என் பங்கு. இன்னிக்காவது வாங்கிக்கோங்க" என்று நோட்டுகளை எண்ண ஆரம்பித்தார். அதைப் பார்த்து டாக்சிக்காரரும் சட்டைப்பையில் கை விட்டார். மணி அடித்துவிட்டது. ரெஃப்ரி அம்மா திரைக்கு நேர் முன்னால் நின்று இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தக் கணக்கெல்லாம் தீர்ந்துபோச்சு" என்றார் டயர்க்காரர். "உள்ள வைங்க. உக்காருங்க, மறைக்குது!"

ரெஃப்ரி அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். பீப்பாயின் வலக்கை தோளிலிருந்து சுழன்று வந்தது. கொக்கு தலையை இடப்பக்கம் சாய்த்தான். அந்த அறையில் இருந்த அத்தனை தலைகளும், வாசலில் நின்ற டயர்க்காரரின் தலையும், அவனோடு சேர்ந்து ஒரே நேரத்தில் இடப்பக்கம் சாய்ந்தன.